செத்த தண்ணியும் கேசரிப் பவுடர் ஐஸும்

போன ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு அடுக்களை துருவப் பிரதேசமா மாறிடுச்சு. அக்கா பசங்க ரெண்டு பேருக்கும் ஆர்க்டிக் கடல் பத்திப் பாடமாம். "கீழே உப்புத் தண்ணி, மேல ஐஸ். அவ்ளோதானே மாமா?"ன்னு பெரியவன் புத்தகத்தை மூடிட்டான். விடுவேனா? நமக்குத்தான் நான்சென் கதைன்னா சோறு வேண்டாமே!

1893 ஜூன் மாசம் நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென், 'ஃப்ராம்'ங்கிற கப்பல்ல கிளம்பினார். ஐஸ்ல மாட்டாம தப்பிக்கத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. இவரோ வேணும்னே கப்பலை உறைய விட்டு, ஐஸ் நகர்ற வழியிலேயே வடக்கே போகலாம்னு திட்டம் போட்டவர். கப்பல்ல மொத்தம் 13 பேர். (வீட்டுல எப்படித்தான் அனுப்பினாங்களோ!)

ஆகஸ்ட் கடைசியில, சைபீரியக் கரையோரம் ஒரு வினோதம். என்ஜின் முழு மூச்சா ஓடுது, கப்பல் மட்டும் நகர மாட்டேங்குது. பின்னாலேர்ந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி. வளைச்சு ஓட்டினாங்க, வட்டமடிச்சாங்க, ஒண்ணும் பலிக்கலை. நார்வே மாலுமிகள் இதை 'செத்த தண்ணி'ன்னு சொல்லுவாங்க. நான்சென் ஒண்ணைக் கவனிச்சு எழுதி வச்சார். கடலோட மேல்பரப்புல மொண்ட தண்ணியைக் குடிக்கவே முடிஞ்சுது. கப்பலோட அடிக் குழாயில வந்ததோ, பாய்லருக்குக்கூட ஆகாத உப்பு!

1896-ல ஊர் திரும்பினவர், அப்புறம் இந்தப் புதிரை பியர்க்னெஸ்னு ஒரு பேராசிரியர்கிட்ட கேட்டார். அவர் ஒரு யூகம் சொல்லி, வேலையைத் தன் மாணவர் வாக்ன் எக்மன் தலையில கட்டினார். அந்தப் பையன் கடலுக்குப் போகலை. கண்ணாடித் தொட்டியில உப்புத் தண்ணி, அது மேல நல்ல தண்ணி, அதுல ஒரு குட்டிக் கப்பல். அவ்வளவுதான். 1904-ல விடை அச்சில வந்துடுச்சு.

சரி, அடுக்களைக்கு வருவோம். முதல்ல ரெண்டு டம்ளர். ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல நல்லா உப்பு கரைச்ச தண்ணி. ரெண்டுலயும் கேசரிப் பவுடர் கலந்து உறைய வச்ச ஐஸ். எது முதல்ல கரையும்? உப்புலதான்னு ரெண்டும் சத்தியம் பண்ணுச்சு. உண்மையைச் சொல்லணும்னா, முதல் தடவை இதைப் பண்றப்ப நானும் அப்படித்தான் நினைச்சேன் :-)

ஜெயிச்சது குழாய்த் தண்ணி. அதுல கரைஞ்ச குளிர்ந்த நீர் செவப்பா கோடு கோடா கீழே இறங்குது, அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணி வருது. உப்புத் தண்ணியில கரைஞ்சது லேசா இருக்கிறதால இறங்கலை. ஐஸைச் சுத்திப் போர்வை மாதிரி மேலேயே நின்னுடுச்சு. சின்னவ சொன்னா: "ஓ, அதான் அவங்க குடிச்ச தண்ணியா?"

அப்புறம் பழைய மீன் தொட்டி. முதல் தடவை அவசரப்பட்டு ஊத்தினதுல எல்லாம் கலந்து சாக்கடை மாதிரி ஆச்சு. ரெண்டாவது தடவை, உப்புத் தண்ணியில இங்க் கலந்து, அது மேல கரண்டி வழியா மெதுவா நல்ல தண்ணி விட்டோம். தெர்மோகோல் படகை நூல் கட்டி இழுத்தா, மேல ஒரு சலனமும் இல்லை, கீழே இங்க் எல்லை மட்டும் பெரிய அலையா எழும்புது! எக்மன் கண்டுபிடிச்சது இதைத்தான். கப்பலோட சக்தியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த அலையை எழுப்பறதுலயே போயிடும். நூலை வெடுக்குன்னு இழுத்தா, படகு அலையை முந்திக்கிட்டுத் தப்பிச்சுடும். அதை மட்டும் இருபது தடவை பண்ணினாங்க.

ஐஸோட அடியில ஒட்டி வாழற பாசி, அதைத் தின்னுற கடுகளவு ஜந்துக்கள், அதைத் தின்னுற மீன், சீல், கரடின்னு சங்கிலியையும் சொன்னேன். வசந்தத்துல ஐஸ் உருகினா, லேசான மேல் அடுக்குல பாசி வெளிச்சத்தோட நின்னு செழிக்கும்னேன். பெரியவன் தொட்டியையே பார்த்துட்டு இருந்தான்.

"மாமா, கீழே இருக்கிற உரம் இந்தக் கோட்டைத் தாண்டி எப்படி மேல வரும்?"

லேசுல வராதுடா. மேல இருக்கிற சத்து தீர்ந்ததும் பாசி பட்டினிதான். இப்போ ஆர்க்டிக்கில கோடை ஐஸ் குறைஞ்சுட்டே வருது. ஐஸ் இல்லாத இடத்துல காத்து தண்ணியைக் கலக்கிச் சத்தை மேல கொண்டுவருமா, இல்லை நல்ல தண்ணி அடுக்கு கெட்டியா மூடிக்குமா? இடத்துக்கு இடம் ரெண்டுமே நடக்குது.

அவன் ஒண்ணும் பேசலை. டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து தொட்டிக்கு நேரா வச்சான்.