பழவேற்காட்டில் தூண்டில் போடலாமா?
ஆஸ்திரேலிய ஃபிஷிங் வீடியோ பார்த்துட்டு வீக்கெண்டுக்கு தூண்டிலோட கிளம்பத் தோணுதா? அங்கே முகத்துவாரங்களில் கொண்டாடப்படும் 'பராமுண்டி' வேறு எதுவுமில்லை, நம்ம கொடுவாதான். தெலுங்கில் பண்டுகப்ப. திருப்பதி மாவட்டத்தின் தடா, சூலூர்பேட்டையை ஒட்டிய பழவேற்காடு ஏரியிலும் இருக்கு.

குயின்ஸ்லாந்து கடலோரத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனா 58 செ.மீ.க்குக் குறைவான கொடுவாவையும், 120 செ.மீ.யைத் தாண்டியதையும் திரும்ப விட்டுடணும். சின்னது சரி, பெருசை ஏன் விடணும்? கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பெருசுகள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை கொடுவா பிடிக்கவே தடை.

பழவேற்காட்டில் கணக்கே வேற. ஏரியின் தமிழகப் பக்கத்தில், யார் எங்கே எப்போ வலை கட்டலாம்னு மீனவ கிராமங்களே 'பாடு' முறையில் முறைவைத்துப் பிரிச்சுக்கிறாங்க. அவங்களுக்கு அது வீக்கெண்ட் இல்ல, சோறு. ஆந்திரப் பக்கம் பறவைகள் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழையவே வனத்துறை அனுமதி வேணும். சூலூர்பேட்டை-ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் வண்டியில போறது வேற, இறங்கித் தூண்டில் வீசுறது வேற.