மூன்று நிமிடத்தில் அடங்கிய குரல்கள்

எங்கள் ஏரல் பக்கம் கோவில் கொடை என்றால் குழாய் கட்டி ரேடியோ செட் போடாமல் நடக்காது. இப்போது பாட்டெல்லாம் பென் டிரைவிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் இசைத்தட்டு சுற்றியது. பெரியவர்கள் 'ரெக்கார்டு' என்று சொல்லும்போதே குரலில் ஒரு ஏக்கம் தெரியும். அந்த ஏக்கம் எதற்காக என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போமா?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய தட்டையெல்லாம் 'வினைல்' என்கிறோம். வினைல் எல்.பி. அமெரிக்காவில் அறிமுகமானதே 1948-ல்தான். அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கில் செய்தவை. கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு.

இந்தியாவில் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனி 1908-ல் அங்கேயே தொழிற்சாலையும் போட்டது. காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது சுத்தமான வியாபாரம். எது விற்குமோ அதைத்தான் பதிவு செய்வார்கள். ஆனால் அந்த வியாபாரம்தான் நமக்குச் சில குரல்களைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் பிறந்து 1933-ல், 27 வயதிலேயே போய்விட்டார். நாடக மேடையின் உச்ச நட்சத்திரம், சினிமாவில் நடிக்கவில்லை. அந்தத் தட்டுகள் மட்டும் இல்லையென்றால், அவர் பாட்டு எப்படி இருந்தது என்பது நேரில் கேட்டவர்களோடே மறைந்திருக்கும்.

இன்னொருவர் நம் தாமிரபரணிக் கரைக்காரர், காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இவருடைய நாதஸ்வரம் சேர்ந்த பாட்டு தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. இன்றைக்கு அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரியும்.

ஆனால் ஒன்று. கோவில் திருவிழாவில் ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரிப்பதுதான் நாதஸ்வர மரபு. அதை மூன்று நிமிடத் தட்டில் அடைக்க முடியுமா? சாரத்தை மட்டும் பிழிந்து கொடுத்தார்கள். நாம் ஏங்குவது அந்தச் சாரத்துக்குத்தான். விடியவிடியக் கேட்ட வாசிப்பில் பெரும்பகுதி எந்தத் தட்டிலும் ஏறவில்லை. அது காற்றோடு போயிற்று.

அதனால்தான் மிச்சமிருக்கும் தட்டுகள் முக்கியம் என்கிறேன். மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்போர் சங்கம் 1990-லிருந்து இதற்காக உழைத்திருக்கிறது. ஆனால் ஊர் ஊராகப் பரணில் கிடக்கும் தட்டு அவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய வீட்டை இடிக்கும்போதும், சாமான்களை ஒழிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான்.

நண்பர்களே, உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு தட்டாவது இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால், அதன் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தக் குரல் வேறெங்கும் மிஞ்சியிருக்காமல் போகலாம்.