செம்பின் தோல்

தொலைபேசிக்கோ இணையத்துக்கோ வீட்டுக்குள் இழுக்கப்படும் வடத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் செம்பு, அதன்மேல் ஒரு நெகிழித் தோல், சிலவற்றில் உலோகத்தாளோ பின்னலோ, பிறகு வெளியுறை. செம்பு செய்தியைச் சுமக்கிறது, மற்றவை செம்பைக் காக்கின்றன. தந்தியின் வரலாற்றில் செம்புக்கும் மின்சாரத்துக்கும் உரிய இடம் கிடைத்துவிட்டது. அந்தத் தோல் எங்கிருந்து வாங்கப்பட்டது என்பதையே நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

தரைவழித் தந்திக்குப் பெரிய சிக்கல் இல்லை. கம்பத்தில் கட்டிவிட்டால் காற்றே காப்பு. நீர்தான் பகை. 1839இல் கல்கத்தாவில் தந்திச் சோதனை நடத்திய மருத்துவர் ஓஷானஸி, ஹூக்ளி ஆற்றுக்கான கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் பொதிந்து, தாரில் தோய்த்த நூல் சுற்றினார். ஆற்றுக்கு இது போதும், கடலுக்குப் போதாது.

கடலுக்கான விடை மலாய்க் காடுகளில் இருந்தது. அங்கே ஒருவகைப் பால்மரத்தின் பிசினை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். ஆறினால் மரம்போல் இறுகும். மலாயில் அதன் பெயர் 'கெத்தா பெர்ச்சா'. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். காற்றிலும் வெயிலிலும் நொறுங்கிப்போகும் இப்பொருள், கடலடியின் இருளிலும் குளிரிலும் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கடல்வடத்துக்கென்றே விளைந்ததுபோல!

ஆயினும் காப்பு மட்டும் போதாது, கவசமும் வேண்டும் என்பதை 1850இல் டோவர் கால்வாய் கற்றுக்கொடுத்தது. பிரெட் சகோதரர்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் பிசின் மட்டும் பூசிய கம்பியை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இறக்கினார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மீனவர் ஒருவரின் வலையில் சிக்கி அறுந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு நான்கு செம்புக் கம்பிகளுக்குப் பிசின் பூசி, சணல் சுற்றி, அதன்மேல் பத்து இரும்புக் கம்பிகளை முறுக்கி இறக்கினார்கள். அது நின்றது.

1857இல் அட்லாண்டிக்குக்கு வடம் செய்தபோது இரும்புக் கவசத்தை இரண்டு ஆலைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒன்று வலமாக முறுக்கிற்று, மற்றது இடமாக. இரண்டு பாதிகளையும் அப்படியே இணைத்தால் முறுக்கு அவிழும். நடுவே தனி அமைப்பு வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கொள்முதலின் அலட்சியத்துக்கு இதைவிட நல்ல சான்று நம் கண்ணில் பட்டதில்லை.

அந்த வடத்தில் ஒரு கடல்மைலுக்கு 261 பவுண்டு பிசின் போயிற்று. நீளம் சுமார் 2500 கடல்மைல். ஆகவே ஏறக்குறைய 300 டன் பிசின். 1858இல் கண்டங்களை இணைத்த அது மூன்று வாரங்களில் ஊமையாகிவிட்டது.

இந்தப் பிசின் எடுக்கப்பட்ட விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தைக் கீறினால் பால் வடியும், மரம் பிழைக்கும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' வழியாகவேனும் அந்தப் பால்வெட்டு நமக்குத் தெரியும். இந்த மரம் அப்படியன்று. இதன் பால் சிறுசிறு பைகளில் தனித்தனியே அடைபட்டிருக்கும். கீறிய இடத்தில் வந்ததும் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வீழ்த்தினார்கள். அடிமரம் நெடுகப் பட்டையை வளையம் வளையமாக வெட்டி, கசிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். வளர்ந்த மரமொன்றில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. மூன்று வாரம் பேசிய வடத்துக்காக இலட்சக்கணக்கில் மரங்கள் விழுந்திருக்க வேண்டும் என்று ஆகிறது. வெட்டியவர்கள் மலாய்க்காரர், டயாக்கியர், சீனர். வடத்தின் பொறியாளர்களுக்குச் சர் பட்டம் கிடைத்தது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நம் வாசிப்பில் எதிர்ப்படவில்லை.

சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அநேகமாக அற்றுப்போனது. வணிகர்கள் ஜொகூர், சுமத்ரா, போர்னியோ என்று நகர்ந்தார்கள். மாற்று தேடியவர்களின் பார்வை நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீதும் விழுந்தது. சென்னை மாகாண வனப் பாதுகாவலர் கிளெக்ஹார்ன் 1858இல் மேற்குக் கரையின் 'இந்திய கட்டா மரம்' பற்றி ஒரு குறிப்பே வெளியிட்டார். அதன் பிசின் வடத்துக்குத் தேறவில்லை. நம் சோலைகள் தப்பியது அந்தக் குறைபாட்டால்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

1871இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே வடம் ஓடி, அங்கிருந்து சிங்கப்பூருக்கும் நீண்டது. மலாய்க் காட்டில் கசிந்து, இங்கிலாந்தில் கம்பிமேல் பூசப்பட்ட பிசின், கப்பலேறித் திரும்பவும் அக்கரைக்கே வந்து சேர்ந்தது. மரங்கள் இருந்த இடத்தில் இப்போது செய்தி வந்தது.

டச்சுக்காரர்கள் 1885இல் ஜாவாவின் சிப்பெத்திர் என்ற இடத்தில் இம்மரத்துக்குத் தோட்டமே அமைத்தார்கள். அங்கே இலைகளை அரைத்துப் பிசின் எடுத்தார்கள்; மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. இந்த வழி பயனுக்கு வந்தபோது காடு பெரிதும் போய்விட்டிருந்தது. 1933இல் இங்கிலாந்தின் வேதிக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்த பாலிஎத்திலீன், சில பத்தாண்டுகளில் பிசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று பல் மருத்துவர்கள் வேர்க்குழியை அடைப்பது இதே பிசினால்தான்.

2012 முதல் ஐரோப்பியக் கடற்கரைகளில் தட்டையான பிசின் பலகைகள் ஒதுங்குவது செய்தியாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரே சொல் அச்சாகியிருந்தது: சிப்பெத்திர். 1917இல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல் 'மியாசாகி மாரு'விலிருந்து அவை வந்திருக்கலாம் என்கிறார்கள். நூறாண்டு உப்புநீரில் கிடந்தும் எழுத்துகள் அழியவில்லை.