கடற்கொள்ளையும் களிவிளையாட்டும்

மாந்தர் எதனைக் கண்டு நடுங்கினரோ அதனையே பின்னாளில் விளையாட்டாக்கி மகிழ்ந்தனர் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பலவுண்டு. போரின் சாயல் சதுரங்கத்தில் உண்டு. வேட்டையின் சாயல் ஆடுபுலியாட்டத்தில் உண்டு. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது கடற்கொள்ளையர் பற்றிய பலகை விளையாட்டு.

விடுமுறை நாளின் மாலைப்பொழுதில் நண்பர் நால்வர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர். நடுவே கடலும் தீவும் வரைந்த பலகை விரிகிறது. ஆளுக்கொரு சிறு கப்பல். ஒருவர் மற்றவர் கப்பலைத் தாக்கிப் பொன்னைப் பறிக்கிறார். பறித்தவரும் சிரிக்கிறார், பறிகொடுத்தவரும் சிரிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் தேநீர் அருந்தி நட்புடன் கலைகின்றனர். இக்களிப்பு எங்கிருந்து பிறந்தது? மெய்யான கடற்கொள்ளையர் வாழ்வுக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள உறவு யாது? பலகையில் இடம்பெற்றவை எவை? இடம்பெறாது விடுபட்டவை எவை? இவ்வினாக்களை ஆராய்வது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன் தருவதாகும்.

பலகைமேல் ஒரு கடல்

இவ்வகை விளையாட்டுகளுள் பெயர் பெற்றது, இங்கிலாந்தில் வாடிங்டன்ஸ் நிறுவனம் 1938-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பக்கனீர்' என்பதாகும். இச்சொல்லின் பிறப்பே ஒரு வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலாத் தீவில் காட்டுமாடுகளை வேட்டையாடி, இறைச்சியைப் புகையிலிட்டு உலர்த்தி விற்றுப் பிழைத்தோர் இருந்தனர். இறைச்சியை வாட்டும் பரணுக்கு 'புக்கான்' என்று பெயர். அதனால் அவ்வேடர் பிரெஞ்சு மொழியில் அப்பெயரையொட்டி அழைக்கப்பட்டனர். வேட்டையைக் கைவிட்டு அவர்கள் ஸ்பானியக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, புகைக்கறிக்காரர் என்னும் பெயரே கொள்ளையர் பெயராயிற்று.

விளையாட்டின் அமைப்பு நுட்பமானது. இதில் பகடையே இல்லை. கப்பல் எத்தனை கட்டம் செல்லலாம் என்பதை, ஆடுவோர் கையிலுள்ள மாலுமிச் சீட்டுகளே முடிவு செய்கின்றன. சீட்டுகள் கறுப்பும் சிவப்புமாக இருவகை. கப்பலோட்டும்போது இரு நிறத்தின் மதிப்பையும் கூட்டவேண்டும்; போரிடும்போதோ ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கவேண்டும். ஆகவே, இரு நிறமும் சரிபாதியாகக் கலந்த கப்பல் விரைந்து ஓடும். ஆனால் போரில் தோற்கும். பிளவுபட்ட கூட்டம் ஓடலாம், எதிர்த்து நிற்க இயலாது என்னும் உண்மை இங்கே கணக்காக வடிக்கப்பட்டுள்ளது. வைரம், மாணிக்கம், பொற்கட்டி, முத்து, ரம் பீப்பாய் ஆகியவை செல்வங்கள். வைரத்திற்கும் மாணிக்கத்திற்கும் 5 புள்ளி; பொன்னுக்கு 4; முத்துக்கு 3; ரம்முக்கு 2. ஒரு கப்பலில் இரண்டு பொருளே ஏற்றலாம். தம் துறைமுகத்தில் 20 புள்ளி சேர்ப்பவர் வென்றவராவார்.

கொள்ளையர் ஆடிய கூத்து

கடற்கொள்ளையை வேடிக்கையாக்கியவர் பிற்காலத்தார் மட்டுமல்லர். கொள்ளையரே அதனைச் செய்தனர். 1724-ஆம் ஆண்டு இலண்டனில் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்னும் பெயரில் கடற்கொள்ளையர் வரலாறு ஒன்று வெளிவந்தது. அப்பெயர் புனைபெயர் என்பர். எழுதியவர் இன்னார் என்பது இன்றும் முடிவுறாத வழக்கு. அந்நூல் தரும் செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது.

தாமஸ் அன்ஸ்டிஸ் என்பவனின் கூட்டத்தார் அரசரிடம் மன்னிப்பு வேண்டி விண்ணப்பம் அனுப்பிவிட்டு, கியூபாவுக்கு அருகில் ஒரு சிறு தீவில் ஒன்பது திங்கள் அளவும் மறைந்து வாழ்ந்தனர். உணவு பெரும்பாலும் ஆமை. பொழுதுபோக்கு ஆடலும் கூத்துமே. அவற்றுள் ஒன்று, தம்மைத் தாமே விசாரிக்கும் பொய்நீதிமன்றம்! ஒருவன் நீதிபதி, அழுக்குப் படிந்த தார்ப்பாய் அவனுக்கு அங்கி, மரக்கிளை அவனுக்கு இருக்கை, மூக்கின்மேல் பெரிய கண்ணாடி. கீழே குற்றவாளி, வழக்குரைஞர், காவலர். விசாரணை நீளவிடாது நீதிபதி தீர்ப்பளிக்கிறான்: தான் நீதிபதியாய் அமர்ந்தபின் எவரையேனும் தூக்கிலிடாமல் எழுவது முறையன்று, குற்றவாளியின் முகமே தூக்கு முகம், அன்றியும் தனக்குப் பசிக்கிறது. இவையே காரணங்கள். இன்று குற்றவாளியாக நின்றவன் மறுநாள் நீதிபதியாக மரமேறுவான்.

நண்பர் கூடி ஆடிய இவ்வாட்டத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால், அச்சிரிப்பின் அடியில் இருந்தது அச்சம். அவர்கள் எதிர்பார்த்த மன்னிப்பு வரவில்லை. 1723-ஆம் ஆண்டு அன்ஸ்டிஸ் தன் ஆட்களாலேயே, தூளியில் உறங்கும்போது கொல்லப்பட்டான். கூட்டத்தாருள் சிலர் மெய்யாகவே தூக்குமரம் ஏறினர். மரக்கிளை நீதிபதியைப் பார்த்துச் சிரித்தவர்கள், கல்மண்டபத்து நீதிபதியின்முன் சிரிக்க இயலவில்லை.

கப்பலும் அதன் சட்டமும்

இவர்கள் யாவர்? பிறவியிலேயே கொடியவரா? 1713-ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையால் ஐரோப்பியப் போர் ஓய்ந்தது. போர்க்கப்பல்களில் பணியாற்றிய மாலுமிகள் பல்லாயிரவர் வேலையிழந்தனர். வணிகக் கப்பல்களிலோ கூலி குறைவு, உணவு கெட்டது, தலைவனின் சாட்டை மட்டும் தாராளம். இந்நிலையில் கொள்ளைக் கப்பல் பலருக்கு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1719-ஆம் ஆண்டு தன் கூட்டத்தாரால் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்பவனின் கப்பலில் எழுதப்பட்ட விதிகள் இருந்தன. முதன்மையான செயல்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு உண்டு. கொள்ளையில் தலைவனுக்கு இரண்டு பங்கு. எளிய மாலுமிக்கு ஒரு பங்கு. உறுப்பிழந்தவனுக்குப் பொதுநிதியிலிருந்து ஈட்டுத்தொகை. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். இன்னொரு விதி நம் பொருளுக்கு நெருங்கியது: பணம் வைத்துச் சீட்டோ பகடையோ ஆடுதல் ஆகாது! சூதால் சண்டை மூளும்; சண்டையால் கப்பல் அழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 'பக்கனீர்' ஆட்டத்தில் பகடை இல்லாதது தற்செயலே எனினும், பொருத்தம் இனிது.

அச்சம் ஆட்டமான கதை

1720-களின் நடுவில் அட்லாண்டிக் கடலில் இக்கொள்ளையர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டனர். அச்சம் அகன்ற இடத்தில் கற்பனை முளைத்தது. கில்பர்ட், சல்லிவன் என்னும் இருவர் படைத்த 'பென்சான்ஸ் கொள்ளையர்' என்னும் இசைநாடகம் 1879-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதில் கொள்ளையர் இளகிய நெஞ்சினர். 1881-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பிரேமர் என்னும் ஊரில், மழையால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தம் மனைவியின் சிறுவயது மகனோடு பொழுதுபோக்கியபோது ஒரு தீவுப்படம் உருவாயிற்று. அப்படத்திலிருந்து பிறந்த கதையே, இதழில் தொடராக வந்து 1883-ஆம் ஆண்டு நூலான 'புதையல் தீவு'. ஆக, முதலில் பிறந்தது விளையாட்டுப் படம். கதை அதன்பின் வந்தது. அக்கதை மீண்டும் படமாகிப் பலகையில் படிந்தது.

புதைத்த செல்வம் என்பதும் பெரும்பாலும் கதையே. கொள்ளையர் பெற்றதைப் பங்கிட்டுத் துறைமுகங்களில் விரைவில் செலவிட்டனர். மெய்யாகப் புதைத்தவருள் பெயர் பெற்றவர் கேப்டன் கிட். 1698-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொச்சிக்கு அருகில் அவர் ஒரு சரக்குக் கப்பலைக் கைப்பற்றினார். அதில் பட்டும் மஸ்லினும் சர்க்கரையும் இருந்தன. மறு ஆண்டு நியூயார்க்கை அடுத்த கார்டினர் தீவில் செல்வத்தின் ஒரு பகுதியைப் புதைத்தார். அது விரைவிலேயே தோண்டி எடுக்கப்பட்டு, அவருக்கு எதிரான சான்றாயிற்று. 1701-ஆம் ஆண்டு இலண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

பலகையில் இல்லாதவை

இதுவரை கண்டவை வேடிக்கைக்கு ஓரளவு இடம் தருவன. இனிக் காண்பவை அத்தகையன அல்ல.

பக்கனீர் கூட்டத்தில் மருத்துவராக இருந்த எக்ஸ்குமெலின் என்பவர் எழுதிய நூல் 1678-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. காயமுற்றோர்க்குத் தரும் ஈட்டுத்தொகைப் பட்டியல் அதில் உண்டு. வலக்கை இழந்தால் 600 ஸ்பானிய வெள்ளி; இடக்கைக்கு 500; கண்ணுக்கு 100. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று வியக்கத் தோன்றும். ஆனால், பட்டியல் அங்கு முடியவில்லை. 600 வெள்ளி, அல்லது ஆறு அடிமைகள்; 500 வெள்ளி, அல்லது ஐந்து அடிமைகள்; 100 வெள்ளி, அல்லது ஓர் அடிமை. ஒருவன் இழந்த கண்ணுக்கு விலை, மற்றொரு மனிதன்!

1722-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராபர்ட்ஸ் கூட்டத்தார் மேற்கு ஆப்பிரிக்காவின் விடா துறைமுகத்தில் புகுந்தனர். அங்கு நின்ற கப்பல்கள் மீட்புப்பணமாகப் பொற்றூள் அளித்தன. ஒரு கப்பல் தலைவன் மட்டும் தர மறுத்தான். அக்கப்பலில் 80 ஆப்பிரிக்கர் இருவர் இருவராகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். சங்கிலியை அவிழ்க்க நேரமாகும் என்று கொள்ளையர் கப்பலுக்குத் தீ வைத்தனர். நெருப்பில் மாண்டோர் போக, கடலில் குதித்தோரைச் சுறாக்கள் தின்றன. ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு என்று விதி எழுதிய அதே கப்பல்தான் இது. அடுத்த திங்களே ராபர்ட்ஸ் போரில் மாண்டான்; அவன் ஆட்களுள் 52 பேர் கேப் கோஸ்ட் கோட்டையில் தூக்கிலிடப்பட்டனர். கப்பலில் பிடிபட்ட கறுப்பினத்தாரோ விசாரணையுமின்றி அடிமைகளாக விற்கப்பட்டனர். கொள்ளையரும் சட்டத்தின் காவலரும் இந்த ஒன்றில் மட்டும் வேறுபடவில்லை.

பலகையில் இரண்டே புள்ளி பெறும் ரம் பீப்பாயையும் நோக்குதல் வேண்டும். ரம் கரும்பிலிருந்து வருவது. கரீபியத் தீவுகளில் கரும்பு வெட்டியவர் ஆப்பிரிக்க அடிமைகள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், அவர்கள் விட்ட கத்தியை எடுக்க இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்கில் 1853-ஆம் ஆண்டும், குவாடலூப்பில் 1854-ஆம் ஆண்டும் அவர்கள் கரையிறங்கத் தொடங்கினர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். மலேயாவில் பினாங்கை அடுத்த வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களிலும் அந்நூற்றாண்டில் தமிழர் உழைத்தனர். ஆகவே, சிறு பீப்பாய்க் காய் ஒன்று நம் முன்னோர் வரலாற்றின் வாயிலிலும் வந்து நிற்கிறது.

நம் நீரிணை

கடற்கொள்ளை தொலைநாட்டுக் கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூலு வட்டாரத்து இரானுன், பலாங்கிங்கிப் படகுகள் மலாய் உலகக் கரைகளில் மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றன. இன்றும் அத்தொல்லை முற்றும் ஒழிந்ததன்று. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு ஒன்றின் கொள்ளைத் தகவல் மையம் 1992-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றியது. ஆசிய நாடுகளின் தகவற் பகிர்வு மையம் 2006-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. இன்றைய மாலுமிக்கு இது விளையாட்டன்று.

ஆசிரியர் கடன்

அங்ஙனமாயின் இவ்விளையாட்டைச் சிறுவர்க்கு மறுத்துவிடலாமா? வேண்டுவதில்லை. கூடி ஆடுதல் நட்பை வளர்க்கும். தோல்வியைச் சிரித்து ஏற்கப் பழக்கும். கூட்டலும் கழித்தலும் கையில் படியும். தடுக்கப்பட்ட விளையாட்டு எதனையும் கற்பிப்பதில்லை. ஆடி முடிந்த விளையாட்டோ நல்லதொரு பாடத்தின் தொடக்கமாகலாம்.

ஆட்டம் முடிந்து காய்களைப் பெட்டியில் இடும்போது ஆசிரியர் ஒரு காயை உயர்த்திக் காட்டி ஒரு வினாவை மட்டும் கேட்டால் போதும். 'இந்த முத்தை மூழ்கி எடுத்தவர் யார்? இந்தப் பொன்னை வெட்டி எடுத்தவர் யார்? இந்த ரம்முக்குக் கரும்பு வெட்டியவர் யார்?' வென்றவன் பெயரைக் கதை சொல்லும். பறித்தவன் பெயரையும் சொல்லும். உழைத்தவன் பெயரைத் தேடுவதே வரலாறு. அவ்வினாவைக் கேட்டுப் பழகிய பிள்ளை மறுநாளும் அதே பலகையை விரித்து ஆடட்டும், சிரிக்கட்டும். அவன் சிரிப்பில் அறியாமை இராது.