பணத்திற்கு ஆடியவர்: பாஞ்சோ கொன்சாலஸ்

டென்னிஸ் உலகில் 1968ஆம் ஆண்டுவரை ஒருவகைச் சாதிப் பாகுபாடு நிலவியது எனலாம். ஊதியம் பெறாது ஆடியவர் அமெச்சூர். விம்பிள்டன் முதலிய பெரும்போட்டிகளின் வாயில் அவருக்கே திறந்திருந்தது. பணம் பெற்று ஆட ஒப்பந்தமிட்டவர் தொழின்முறையாளர். அவருக்கு அவ்வாயில் அடைபட்டது. அமெச்சூர்க்கும் செலவுத்தொகை என்னும் பெயரால் மறைவாகப் பணம் கைமாறியதை அக்காலத்தார் அறிவர். எனினும் விதி விதியாகவே நின்றது. அதனால் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை இழந்தவருள் முதன்மையானவர் ரிச்சர்டு பாஞ்சோ கொன்சாலஸ்.

இவர் 1928 மே 9இல் லாஸ் ஏஞ்சல்சில் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோவினின்று குடியேறிய எளியோர். பன்னிரண்டாம் வயதில் தாயார் 51 காசுக்கு வாங்கித் தந்த மட்டையைக் கொண்டு தாமே ஆடிப் பழகினார். பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாமையால் தென் கலிபோர்னிய டென்னிஸ் சங்கத்தார் இளையோர் போட்டிகளில் இவரைச் சேர்க்கவில்லை. ஆடுகளத்தை மூடினால் பிள்ளை வகுப்பறைக்குத் திரும்புவான் என எண்ணினர் போலும்! அவ்வாறு நிகழவில்லை.

1948இல், இருபது வயதில், அமெரிக்க வாகையர் பட்டம் வென்றார். மறு ஆண்டு இறுதியாட்டத்தில் ஷ்ரோடரிடம் முதலிரு செட்டுகளையும் இழந்து, எஞ்சிய மூன்றையும் வென்று பட்டத்தைக் காத்தார். உடனே தொழின்முறையிற் புகுந்தார். ஜாக் கிரேமருடன் ஊர் ஊராக ஆடிய முதற்பயணத்தில் இவர் வென்றவை 27, தோற்றவை 96. தோற்றவரைக் காணக் கூட்டம் வருமா? சில ஆண்டுகள் மட்டைக் கடை நடத்திக் காலங்கழித்தார்.

பின்னர் எழுந்த எழுச்சி வியத்தற்குரியது. 1955–56இல் டிரேபர்ட்டை 74–27 என்றும், 1957இல் ரோஸ்வாலை 50–26 என்றும், 1958இல் ஹோடை 51–36 என்றும் வென்றார். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர்; உள்ளரங்குகளில் விரிக்கும் துணித்தளமே ஆடுகளம். மக்கள் புதியவரைக் காணவே வருவர் என்பதால், தோற்ற டிரேபர்ட்டுக்குக் கிடைத்த பணம் வென்றவரினும் பன்மடங்கு. ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காடியும் கொன்சாலஸ் தோற்றார். இவரது கடுஞ்சினத்தைப் பழிப்போர் இக்கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

1968 ஏப்ரலில் போர்ன்மத் நகரில் இருசாராரும் கலந்தாடும் முதற்போட்டி நடந்தது. ஏறத்தாழ நாற்பது வயதினரான கொன்சாலஸ் அங்கு மார்க் காக்ஸ் என்னும் அமெச்சூரிடம் தோற்றார். அடுத்து நடந்த பிரெஞ்சுப் போட்டியிலோ எமர்சனை வென்று அரையிறுதி எய்தினார்.

1969 விம்பிள்டன் முதற்சுற்றில் எதிர்நின்றவர் 25 வயதுப் பாசரெல். முதற் செட் 22–24. மங்கும் வெளிச்சத்தில் இரண்டாவது 1–6. ஆட்டத்தை நிறுத்தக் கோரியவரைக் கூட்டம் இகழ்ந்து கூவியது. மறுநாள் 16–14, 6–3 எனச் சமன் செய்தார். ஐந்தாம் செட்டில் ஏழுமுறை தோல்வியின் விளிம்பில் நின்று மீண்டு 11–9 என வென்றார். மொத்தம் 112 ஆட்டங்கள். 5 மணி 12 நிமிடம். முன்னாள் இகழ்ந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 1971இல் விம்பிள்டன், செட்டுகள் இவ்வாறு நீளாதிருக்க டை-பிரேக் முறையை மேற்கொண்டது.

1972இல், 43 வயதில், டி மோய்ன் நகரப் போட்டியையும் வென்றார். 1995 சூலை 3இல் லாஸ் வேகாசில் புற்றுநோயால் மறைந்தபோது அவரிடம் பொருளில்லை. அடக்கச் செலவை ஏற்றவர், இவர் மணந்து பிரிந்த ரீட்டாவின் தம்பியும் 1992 விம்பிள்டன் வாகையருமான ஆந்திரே அகாசி.