அன்னை வெரோனிக்கா (1823–1906)

அப்போஸ்தலிக்க கார்மேல் சபையை நிறுவிய துறவி. மட்டக்களப்பு புளியந்தீவின் புனித சிசிலியா பெண்கள் கல்லூரியில் தலைமுறைகளாகப் படிப்பித்த அருட்சகோதரிகள் இச்சபையினரே. இயற்பெயர் சோபி லீவ்ஸ். துறவறப் பெயர் திருப்பாடுகளின் வெரோனிக்கா.

கொன்ஸ்தாந்திநோப்பிளில் பிறந்தவர். தந்தை ஹென்றி லீவ்ஸ் அங்கிலிக்கன் போதகர். விவிலியத்தை நவீன கிரேக்க மொழியில் கொண்டுவர உழைத்தவர். அந்த வீட்டு மகள் 1850இல் மால்டாவில் கத்தோலிக்கரானார். பின்னர் புனித சூசையப்பர் பெயரிலான பிரெஞ்சு மறைபரப்புச் சபையொன்றில் சேர்ந்தார்.

1862இல் சபை அவரைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பியது. மலபார்க் கரையில் அன்று பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் அரிது. முறைப்படி பயின்ற ஆசிரியை அதைவிட அரிது. அங்கே பாடசாலை நடத்தியபோது கண்ட இந்தக் குறைதான் அவருடைய பிற்காலப் பணிக்கு வித்து. கூடவே, கார்மேல் மடத்தின் மௌனமும் அவரை விடாமல் அழைத்தது. அடைபட்ட மடத்தின் செபத்தையும் வகுப்பறையையும் ஒரே வாழ்வில் இணைப்பது எப்படி? கார்மேல் துறவியான மரி எப்ரேம் ஆண்டகை, இரண்டும் சேர்ந்த புதிய சபை ஒன்றுக்கு அவரைத் தூண்டினார்.

1867இல் பிரான்சின் போ நகரக் கார்மேல் மடத்துக்குப் போனபோது அவர் தனியே போகவில்லை. சூசையப்பர் சபையின் மார்செய் மடம் ஏற்க மறுத்த, படிப்பு வாசனை அதிகமில்லாத கலிலேயாப் பெண் மரியம் பவார்தியையும் கூட்டிப்போனார். அந்த மரியத்தை 2015இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. யாரும் வேண்டாத பெண்ணுக்காக முன்னின்று பேசிய அந்த மனம்தான் அவர் தொடங்கிய சபையின் அத்திவாரம் என்று துணிந்து சொல்லலாம்.

1868 யூலை 16, கார்மேல் அன்னை திருநாளன்று, பயோன் நகரில் பயிற்சி இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவில் படிப்பிக்கப் போகும் சகோதரிகளை உருவாக்குவதே அதன் வேலை. 1870இல் மூன்று பேர் மங்களூர் வந்திறங்கினார்கள். பயோன் இல்லம் சில ஆண்டுகளில் மூடப்பட, வெரோனிக்கா கார்மேலின் அடைப்புக்குள் திரும்பினார். தாம் விதைத்தது வளர்ந்ததை நேரில் காணாமலே 1906 நவம்பரில் போ நகரில் காலமானார். 2014இல் 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவிக்கப்பட்டார்.

சபை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்தது 1920களில். கஸ்தோன் றொபிஷே ஆண்டகை திருகோணமலை ஆயராக இருந்த காலம். அன்று ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் கட்டவேண்டும். ஏழை வீட்டில் அந்தக் காசு இருந்தாலும் ஆண்பிள்ளைக்கே போகும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதுதான் அந்தக் கதவு அகலத் திறந்தது. 1960இல் அரச உதவிபெற்ற மிசன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. சிசிலியா இன்று தேசிய பாடசாலை. அரசு பொறுப்பேற்ற பிறகும் கார்மேல் சகோதரிகள் அங்கே அதிபர்களாக இருந்திருக்கிறார்கள். சிசிலியா இசையின் பாதுகாவலியான புனிதை. 'மீன் பாடும் தேனாடு' எனப்படும் மட்டக்களப்பின் பாடசாலைக்கு இப்பெயர் வாய்த்தது அழகான பொருத்தம்.