மதராஸ் கரைக்கு வந்த கரும்பீர்

மதராஸுக்குத் துறைமுகம் அமைவதற்கு முந்தைய நூறாண்டுகளில், எந்த மால்ட்டை எந்த அளவுக்கு வறுப்பது, எவ்வளவு ஹாப்ஸ் சேர்ப்பது என்று இலண்டன் பீர் ஆலைக்காரர்கள் முடிவு செய்தபோது, கடற்பயணத்தின் நீளத்தோடு நம் கரையின் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று பல நாடுகளில் வீட்டிலேயே பீர் வடிப்போர் விரும்பிச் செய்யும் கருநிற, கசப்பு மிகுந்த ஏல் வகைக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்களுக்காகக் கப்பலேறிய போர்ட்டர் என்னும் கரும்பீரே. அதிகாரிகளின் மேசைக்கு வந்த வெளிர்நிற ஏல்தான் 'இந்தியா பேல் ஏல்' (ஐ.பி.ஏ.) என்ற பெயரில் புகழ்பெற்றது. படைவீரர்கள் குடித்த போர்ட்டரை வரலாறு பெரிதும் மறந்துவிட்டது நியாயமன்று.

மால்ட் என்பது வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்திய தானியம். பீருக்குச் சர்க்கரையையும் நிறத்தையும் அதுவே தருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் போர்ட்டர் முழுவதும் பழுப்பு மால்ட்டால் வடிக்கப்பட்டது. ஆனால் கரைசலின் அடர்த்தியை அளக்கும் நீர்மானியை ஜான் ரிச்சர்ட்சன் 1780-களில் பீர் ஆலைகளுக்குள் கொண்டுவந்தபோது, பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டிலிருந்து கூடுதல் சர்க்கரை கிடைப்பது தெரியவந்து, ஆலைகள் செலவு கருதி வெளிர் மால்ட்டுக்கு மாறின. நிறம் வெளுத்தது, கருக்கிய சர்க்கரையால் அதை ஈடுகட்டியவர்களையும் 1816-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கறுப்பு மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தாலே பீர் முழுவதும் கறுத்தது. கரும்பீரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண்பூங்கொத்து. அதன் இதழடியில் மஞ்சள் தூளாகப் படிந்திருக்கும் பிசின், கொதிக்கும்போது கசப்பாக மாறுவதோடு, பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாவையும் அடக்குகிறது. சூயஸ் கால்வாய் திறக்காத அந்நாளில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் வரை நீண்ட பயணத்தில் பீப்பாய் கெடாதிருக்க, இங்கிலாந்திலேயே குடிக்கப்பட்ட பீரைவிட மிகுதியான ஹாப்ஸ் கொதிகலனில் இடப்பட்டது. பீப்பாயிலும் உலர்ந்த பூக்கள் போடப்பட்டன. மாதக்கணக்கில் மரத்துக்குள் கிடந்ததால் ஹாப்ஸின் கசப்பு தணிந்தது. இன்றைய வீட்டு வடிப்பாளருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அவர் புதிதாகவே குடிப்பதால், கருகல் கசப்பும் ஹாப்ஸ் கசப்பும் மோதாதபடி, உமி நீக்கி வறுத்த மால்ட்டைக் கொஞ்சமாகச் சேர்த்து நிறத்தை மட்டும் பெறுகிறார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிரெக் நூனன் 1990-களில் வடித்த கரிய ஐ.பி.ஏ. இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்று.

கடல்வழி முடிந்த பின்னும் பீப்பாய்க்கு ஒரு கண்டம் இருந்தது. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு முழுவதும் மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து வந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட அந்தப் படகு, அலை மோதும்போது முறியாமல் நெளிந்து கொடுத்தது. சுமார் 245 லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய் மரத்தின் எடையும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். அதை ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகில் இறக்கி, அலையின் தருணம் பார்த்துத் துடுப்பு வலித்து, மணலில் உருட்டி ஏற்றிய படகுக்காரர்கள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக் கரையிலிருந்து இராயபுரத்துக்கு இடம்பெயர்க்கப்பட்ட குடிகள். அங்குள்ள புனித பேதுரு ஆலயம் அவர்கள் கூலியிலிருந்து சேர்த்த நிதியால் எழுந்தது. பீர் வரலாற்று நூல்கள் ஆலை முதலாளிகளின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கும்போது இவர்களுக்கு ஒரு வரிகூடத் தராதது பெருங்குறை. இவர்கள் கைபடாத பீப்பாய் எதுவும் மதராஸ் மணலைத் தொட்டதில்லை.

படகுக்காரர்கள் வாழ்ந்த கரையும் மாறத் தொடங்கியது: 1856-இல் அதே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1860-களில் இரும்புப் பாலத்துறை கடலுக்குள் நீண்டது. 1869-இல் சூயஸ் திறந்ததும் பயணநாட்கள் சுருங்கின. 1870-களின் நடுவில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தாலும், பின்னர் மீண்டும் கட்டப்பட்ட துறைமுகம் படகுக்காரர்களின் பிழைப்பைப் படிப்படியாக எடுத்துக்கொண்டது. பயணம் குறுகியதும், மலைப்பகுதிகளில் உள்நாட்டு ஆலைகள் எழுந்ததும், பீப்பாய் நிறைய ஹாப்ஸ் போடவேண்டிய காரணத்தையே நீக்கிவிட்டன. ஆனாலும் கரும்பீர் மறையவில்லை. புயல் வீசிய அதே 1881-இல் இலங்கையின் நுவரெலியாவில் ஓர் ஆலை நிறுவப்பட்டது. அதன் வழிவந்த லயன் ஸ்டவுட், 8 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலுடன், கருக வறுத்த மால்ட்டின் சுவையோடு இன்றும் கொழும்பை அடுத்த பியகமவில் வடிக்கப்படுகிறது.